பூட்டிய காரணியும் திறந்த பாட்டையும்: கணினியின் வேகவெல்லை பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

தொழில்நுட்பத்தின் வரலாறு பெரும்பாலும் ஆக்கியோரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. ஒரு பொறியைக் கண்டுபிடித்தவர் யார், அது எந்த ஆண்டிற் சந்தைக்கு வந்தது என்னும் வினாக்கள் முதன்மை பெறுகின்றன. அப்பொறி தம் கைக்கு வந்தபின் மக்கள் அதனை என்ன செய்தனர் என்னும் வினாவோ பின்தள்ளப்பட்டு விடுகின்றது. எனினும், ஒரு பொருளை ஆக்கியவர் அதற்கு விதித்த எல்லையும், அதனை வாங்கியவர் அவ்வெல்லையைச் சோதித்த முறையும் ஒருங்கே நோக்கப்படும்போதே அப்பொருளின் சமூக வரலாறு முழுமை பெறும். கணினியின் முறைவழியாக்கி இதற்குத் தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

ஒரு முறைவழியாக்கியை அதன்மீது பொறிக்கப்பட்ட வேகத்தினும் கூடிய வேகத்தில் இயக்குதலை ஆங்கிலத்தில் ‘ஓவர்குளொக்கிங்’ என்பர். இதனை ‘மிகைவேக இயக்கம்’ என இக்கட்டுரையிற் குறிப்போம். இதனை இளைஞர்தம் பொழுதுபோக்கு என ஒதுக்குவோரும், உற்பத்தியாளரை ஏமாற்றும் செயல் எனக் கண்டிப்போரும் உளர். இவ்விரு கருத்துகளும் ஒரு பக்கத்தை மட்டுமே காண்பவை. முறைவழியாக்கியின்மீது பொறிக்கப்படும் எண் இயற்கையின் எல்லையை மட்டும் கூறுவதன்று. உற்பத்தியாளரின் முன்னெச்சரிக்கையும் சந்தையின் தேவையும் அதனுட் கலந்துள்ளன. இம்மூன்றனையும் வேறுபடுத்தி அறிய முயன்றோரின் வரலாறாகவே மிகைவேக இயக்கத்தை நோக்குதல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

1. எண்ணின் பொருள்

முறைவழியாக்கியின் உள்ளே கோடிக்கணக்கான திரான்சிஸ்டர்கள் ஒரு கடிகாரத் துடிப்புக்கு இசையத் தொழிற்படுகின்றன. ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடைப்பட்ட நேரத்தினுள் ஒவ்வொரு சைகையும் தான் கடக்கவேண்டிய படலைகளைக் கடந்து உரிய இடத்தைச் சேர்தல் வேண்டும். துடிப்பின் மீடிறனை உயர்த்தினால் இவ்விடைவேளை சுருங்கும். ஓர் எல்லைக்கு அப்பால் மிக மெதுவான சைகை உரிய காலத்தில் வந்து சேராது, பிழை நேரும். வோல்ற்றளவைக் கூட்டினால் திரான்சிஸ்டர்கள் விரைந்து தொழிற்படும். ஆயின், செலவாகும் வலு மீடிறனுக்கு நேர்விகிதமாகவும் வோல்ற்றளவின் வர்க்கத்துக்கு நேர்விகிதமாகவும் உயர்வதால் வெப்பம் பெருகும். இதுவே இயற்கையின் எல்லையாகும்.

ஒரே சிலிக்கன் தட்டிலிருந்து வெட்டியெடுக்கப்படும் சில்லுகள் யாவும் ஒரே தன்மையன அல்ல. சில உயர்ந்த வேகத்தைத் தாங்கும், சில தாங்கா. ஆகவே உற்பத்தியாளர் அவற்றைச் சோதித்துத் தரம் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு வேகத்தைக் குறிக்கின்றனர். மிக வெப்பமான சூழலிலும் பல ஆண்டுகள் பிழையின்றி இயங்கவேண்டும் என்பதற்காக ஓர் இடைவெளியும் விடப்படுகின்றது. இது முன்னெச்சரிக்கையின் எல்லையாகும்.

உற்பத்தி முறை முதிர்ச்சி அடையுந்தோறும் உயர்வேகம் தாங்கும் சில்லுகளின் விகிதம் பெருகுகின்றது. சந்தையிலோ மலிவான சில்லையே பலர் நாடுகின்றனர். அந்நிலையில் உயர்வேகத்துக்குத் தகுதியான சில்லும் தாழ்வேக முத்திரையுடன் விற்கப்படுகின்றது. இது சந்தையின் எல்லையாகும். வாங்குபவர் காண்பது ஒரேயோர் எண்ணை மட்டுமே. அதன் எப்பகுதி இயற்கையினாலும் எப்பகுதி வணிகத்தினாலும் வந்தது என்பதை அவ்வெண் கூறுவதில்லை.

2. பளிங்கை மாற்றிய காலம்

1981இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட தனியாள் கணினி 4.77 மெகாஹேர்ட்ஸ் வேகத்தில் இயங்கியது. 1984இல் அந்நிறுவனம் வெளியிட்ட ஏ.ரி. என்னும் கணினியின் 80286 முறைவழியாக்கி 6 மெகாஹேர்ட்ஸ் வேகத்தில் இயங்கியது. கடிகாரத் துடிப்பை வழங்கியது 12 மெகாஹேர்ட்ஸ் குவாட்சுப் பளிங்கு ஒன்றாகும். அதன் மீடிறனிற் பாதியே முறைவழியாக்கியின் வேகமாகும். அப்பளிங்கைக் கழற்றிவிட்டு 16 மெகாஹேர்ட்ஸ் பளிங்கொன்றைப் பொருத்தினால் கணினி 8 மெகாஹேர்ட்ஸ் வேகத்தில் இயங்குவதைப் பயனர்கள் கண்டனர். சிறுதொகைச் செலவில் வேகம் மூன்றிலொரு பங்கு உயர்ந்தது.

ஐ.பி.எம். இதனை வாளாவிருந்து பார்க்கவில்லை. பின்னர் வந்த ஏ.ரி. கணினிகளில், இயக்கத் தொடக்கத்தில் வேகத்தை அளந்து, குறித்த அளவினும் கூடியிருப்பின் இயங்க மறுக்கும் சோதனையொன்று சேர்க்கப்பட்டது. பயனர் எல்லையைக் கடத்தலும், உற்பத்தியாளர் வேலியை உயர்த்தலும் என்னும் தொடர்ச்சி இங்கேயே தொடங்கிவிட்டதெனலாம். பெருக்கற் காரணியின் பூட்டு இத்தொடர்ச்சியின் பிற்பட்ட கட்டமேயன்றித் தனித்ததொரு நிகழ்ச்சியன்று.

3. பெருக்கற் காரணியின் தோற்றம்

முறைவழியாக்கியின் வேகம் உயர்ந்த அளவுக்கு, நினைவகத்தையும் ஏனைய உறுப்புகளையும் அதனோடு இணைக்கும் பாட்டையின் வேகத்தை உயர்த்த முடியவில்லை. தாய்ப்பலகையின் நீண்ட கம்பித் தடங்களில் உயர் மீடிறன் சைகைகளைப் பிழையின்றிச் செலுத்துதல் கடினமாகும். இத்தடைக்கு இன்ரெல் நிறுவனம் 1992இற் கண்ட தீர்வே 486 டி.எக்ஸ்.2 ஆகும். வெளியே பாட்டை 33 மெகாஹேர்ட்ஸ் வேகத்தில் இயங்க, உள்ளே முறைவழியாக்கி அதன் இருமடங்கான 66 மெகாஹேர்ட்ஸ் வேகத்தில் இயங்கியது. அன்று தொட்டு ‘பாட்டை மீடிறன் பெருக்கல் காரணி’ என்பதே முறைவழியாக்கியின் வேகத்தைத் தரும் சமன்பாடாயிற்று.

இச்சமன்பாடு எளிமையானது; ஆயினும் அதன் விளைவுகள் பல. பென்ரியம் வரிசையில் 133, 166, 200 மெகாஹேர்ட்ஸ் சில்லுகள் மூன்றும் ஒரே 66 மெகாஹேர்ட்ஸ் பாட்டையிலேயே இயங்கின. அவற்றின் காரணிகள் முறையே 2, 2.5, 3 என்பனவாகும். காரணியைத் தீர்மானித்தவை தாய்ப்பலகையில் இருந்த சிறு இணைப்பான்களே. ஓர் இணைப்பானை இடம் மாற்றினால் 133 மெகாஹேர்ட்ஸ் சில்லை 166 மெகாஹேர்ட்ஸ் வேகத்தில் இயக்கிப் பார்க்கலாம். பாட்டையின் வேகம் மாறாமையால் ஏனைய உறுப்புகளுக்கு இதனால் எவ்விதத் தீங்கும் இல்லை.

பயனருக்கு வாய்த்த இதே எளிமை மோசடி வணிகருக்கும் வாய்த்தது. தாழ்வேகச் சில்லின் மேலிருந்த எழுத்துகளைச் சுரண்டிவிட்டு உயர்வேக எண்ணைப் பொறித்து விற்கும் வழக்கம் 1990களின் நடுப்பகுதியிற் பரவியது. இவ்வாறு ஏமாற்றப்பட்டோர் தம் கணினி காரணமின்றி நின்றுபோவதைக் கண்டு உற்பத்தியாளரையே குறை கூறினர்.

4. பூட்டும் அதன் இரு நோக்கங்களும்

1990களின் பிற்பகுதியில் இன்ரெல் நிறுவனம் காரணியைச் சில்லின் உள்ளேயே நிலைப்படுத்திவிட்டது. தாய்ப்பலகை எதனைக் கூறினும் சில்லு தனக்கு விதிக்கப்பட்ட காரணியையே ஏற்கும். இதற்குக் கூறப்பட்ட காரணம் மோசடியைத் தடுத்தல் என்பதாகும். அது பொய்யான காரணமன்று. தான் அறியாது மிகைவேகச் சில்லை வாங்கிய நுகர்வோனுக்குப் பூட்டு ஒரு பாதுகாப்பே.

ஆயின் பூட்டு வேறொரு பணியையும் ஆற்றியது. ஒரே வடிவமைப்பிலிருந்து வந்த சில்லுகளைப் பல விலைகளில் விற்பதற்கு அவற்றிடையே கடக்க முடியாத வேறுபாடு வேண்டும். இத்தேவை கணினித் துறைக்கு மட்டும் உரியதன்று. மூன்றாம் வகுப்புப் புகையிரதப் பெட்டிகளுக்குக் கூரை அமைக்காது விட்டமைக்குக் கூரையின் செலவு காரணமன்று என்றும், இரண்டாம் வகுப்புக் கட்டணம் செலுத்த வல்லோர் மூன்றாம் வகுப்பில் ஏறாது தடுப்பதே நோக்கம் என்றும் பிரெஞ்சுப் பொறியியலாளர் டியூப்புயி 1849இல் விளக்கியிருந்தார். 1991இல் இன்ரெல் வெளியிட்ட 486 எஸ்.எக்ஸ். இக்கூற்றுக்கு நல்லதோர் உதாரணமாகும். அது 486 டி.எக்ஸ். சில்லில் ஏற்கெனவே இருந்த கணிதப் பகுதியைச் செயலிழக்கச் செய்து மலிவாக விற்கப்பட்டதாகும். பின்னர் அக்கணிதப் பகுதியை வேண்டுவோர் வாங்கிப் பொருத்திய 487 எஸ்.எக்ஸ். என்பதோ உண்மையில் முழுமையான 486 டி.எக்ஸ். சில்லேயாகும். அது பொருத்தப்பட்டதும் முன்னைய சில்லை ஓய்வுக்கு அனுப்பிவிட்டுத் தானே எல்லாப் பணியையும் மேற்கொண்டது.

பொருளியல் மொழியிற் கூறின், சில்லின் பயன்பெறுமதிக்கும் பரிமாற்றுப் பெறுமதிக்கும் இடையேயுள்ள இடைவெளியைப் பேணும் கருவியாகவும் பூட்டு அமைந்தது. நுகர்வோர் பாதுகாப்பும் விலைப் பாதுகாப்பும் ஒரே பூட்டினுள் அடங்கியிருந்தன. அதனால் ஒன்றை ஏற்று மற்றொன்றை மறுக்க நுகர்வோருக்கு வழியிருக்கவில்லை.

5. 1998 ஓகஸ்ட் 24

பூட்டின் கதையில் நடுநாயகமாக விளங்குவது 1998 ஓகஸ்ட் 24ஆம் நாளாகும். அன்று இன்ரெல் நிறுவனம் இரு வேறு வகுப்பினர்க்கான சில்லுகளை ஒருங்கே வெளியிட்டது. உயர்ந்தோர்க்கு 450 மெகாஹேர்ட்ஸ் பென்ரியம் II. விலை 669 டொலர். எளியோர்க்குச் செலரோன் 300ஏ. விலை 149 டொலர். இவை ஆயிரம் சில்லுகளை மொத்தமாக வாங்கும் வணிகருக்குரிய விலைகளாகும்.

செலரோன் வரிசை அவ்வாண்டு ஏப்பிரலில் பதுக்கு நினைவகம் இன்றி அறிமுகமாகி, மந்தமானது என்ற பழிச்சொல்லைப் பெற்றிருந்தது. 300ஏ சில்லில் அக்குறை நீக்கப்பட்டது. 128 கிலோபைற்றுப் பதுக்கு நினைவகம் சில்லின் உள்ளேயே அமைக்கப்பட்டு, முறைவழியாக்கியின் முழுவேகத்திலும் இயங்கியது. பென்ரியம் II இன் 512 கிலோபைற்றுப் பதுக்கு நினைவகமோ தனிச் சில்லுகளாகப் பக்கத்தே பொருத்தப்பட்டு அரைவேகத்தில் இயங்கியது. எளியோர்க்கென ஆக்கப்பட்ட பொருள் ஒரு வகையில் உயர்ந்தோர் பொருளினும் நேர்த்தியாக அமைந்துவிட்டது.

300ஏ சில்லின் காரணி 4.5 எனப் பூட்டப்பட்டிருந்தது. பாட்டை 66 மெகாஹேர்ட்ஸ் ஆகையால் பெருக்கம் 300 ஆகும். பூட்டு சமன்பாட்டின் ஓர் உறுப்பை மட்டுமே கட்டுப்படுத்தியது. மற்ற உறுப்பாகிய பாட்டை தாய்ப்பலகையின் வசமிருந்தது. அவ்வாண்டிலேயே வெளிவந்த 440 பி.எக்ஸ். துணைச்சில்லுத் தொகுதியுள்ள தாய்ப்பலகைகள் பென்ரியம் II இன் பொருட்டு 100 மெகாஹேர்ட்ஸ் பாட்டையை வழங்கின. 4.5 ஐ 100 ஆற் பெருக்கினால் 450. அதே நாளில் வெளியான, விலையில் ஏறத்தாழ நான்கரை மடங்கான சில்லின் வேகமும் அதுவே.

எந்தப் பாட்டை வேகம் தனக்கு உரியதென்பதைச் செலரோன் ஒரு தொடுமுனை வாயிலாகத் தாய்ப்பலகைக்கு அறிவித்தது. சில தாய்ப்பலகைகளில் இவ்வறிவிப்பை ஒதுக்கிவிட்டு வேகத்தைத் தெரிவுசெய்யப் பயனருக்கு இடமிருந்தது. அவ்வசதி அற்ற பலகைகளில், பி21 எனப்பட்ட அத்தொடுமுனையின்மேல் மின் கடத்தாத நாடாத் துண்டொன்றை ஒட்டினாற் போதுமானதாயிற்று. சில்லின் குரல் அடைபட, பலகை அதனை 100 மெகாஹேர்ட்ஸ் சில்லென்றே கொண்டது.

66இலிருந்து 100க்குத் தாவுதல் எங்ஙனம் இயன்றது என்பதும் நோக்கற்பாலது. வன்தட்டு முதலியவற்றை இணைக்கும் பி.சி.ஐ. பாட்டை 33 மெகாஹேர்ட்ஸ் வேகத்துக்கு அமைந்தது. பிரதான பாட்டை 66 ஆயின் அதனை இரண்டாலும், 100 ஆயின் மூன்றாலும் வகுத்து இவ்வேகம் பெறப்பட்டது. ஆகவே இரண்டும் பாதுகாப்பான நிலைகள். இடைப்பட்ட 83 மெகாஹேர்ட்ஸ் தெரிவுசெய்யப்பட்டு இரண்டால் வகுக்கப்பட்டாலோ பி.சி.ஐ. பாட்டை ஏறத்தாழ 41.5 மெகாஹேர்ட்ஸ் வேகத்துக்கு உயர்ந்துவிடும். அந்நிலையில் வன்தட்டிற் பதியும் தரவுகள் சிதையக்கூடும். சிறிய பாய்ச்சல் ஆபத்தாகவும் பெரிய பாய்ச்சல் பாதுகாப்பாகவும் அமைந்தது ஒரு விசித்திரமே. இதனை அறிந்தவரே வெற்றி பெற்றனர்; எண்ணை மட்டும் உயர்த்தியோர் தம் கோப்புகளை இழந்தனர்.

எல்லாச் செலரோன் 300ஏ சில்லுகளும் 450 மெகாஹேர்ட்ஸ் வேகத்தைத் தாங்கின என்று கூறுதல் தவறாகும். சில உரிய 2.0 வோல்ற்றிலேயே இயங்கின. சிலவற்றுக்கு வோல்ற்றளவைக் கூட்டவேண்டியிருந்தது. சில எவ்வாற்றானும் இயங்கவில்லை. எனினும் இயங்கியவற்றின் தொகை பெரிதாயிருந்தமையாலேயே அச்சில்லு இன்றளவும் நினைவுகூரப்படுகின்றது. எளியோர் பொருளின்மீதிருந்த எண்ணில் எவ்வளவு பங்கு சந்தையினுடையது என்பதை அது பலரறிய வெளிப்படுத்திவிட்டது.

6. பென்சிற் கோடு

போட்டி நிறுவனமாகிய ஏ.எம்.டி.யின் சில்லுகளிலும் பூட்டு வந்தது. 2000ஆம் ஆண்டின் அத்லோன், டியூரோன் சில்லுகளின் மேற்பரப்பில் எல்1 எனப் பெயரிய நுண்ணிய இணைப்புப் பாலங்கள் இருந்தன. அவற்றைத் துண்டிப்பதன் மூலம் காரணி பூட்டப்பட்டது. துண்டிக்கப்பட்ட பாலங்கள் வெளியே தெரிந்தமையால், பயனர்கள் சாதாரணப் பென்சிலால் அவற்றின் குறுக்கே கோடிட்டு மீளவும் இணைத்தனர். பென்சிலின் கரி மின்னைக் கடத்தும் என்னும் பாடசாலை அறிவே இதற்குப் போதுமானதாயிருந்தது. 2001இல் வந்த அத்லோன் எக்ஸ்.பி. சில்லுகளிற் பாலங்களிடையே லேசர்க் கதிரால் பள்ளங்கள் ஏற்படுத்தப்பட்டன. பள்ளத்தை முதலில் கடத்தாப் பொருளால் நிரப்பி, அதன்மேல் கடத்தும் மையைத் தீட்டும் வழக்கம் பயனரிடையே தோன்றியது. வேலி உயருந்தோறும் கைவினையும் உயர்ந்தது.

7. பாட்டை மூடப்பட்டமை

பூட்டிய காரணியைப் பாட்டையால் வெல்லும் முறை மேலும் ஒரு தசாப்தம் நீடித்தது. 2007இல் வெளியான கோர் 2 குவாட் கியூ6600 சில்லு 266 மெகாஹேர்ட்ஸ் பாட்டையை 9 ஆற் பெருக்கி 2.4 கிகாஹேர்ட்ஸ் வேகத்தில் இயங்கியது. பாட்டையை 333 ஆக்கினால் 3.0 கிகாஹேர்ட்ஸ் கிடைத்தது. இதற்கிடையே உற்பத்தியாளர் மனப்பாங்கிலும் ஒரு மாற்றம் ஏற்பட்டிருந்தது. பூட்டற்ற காரணி இப்பொழுது விற்பனைப் பொருளாகிவிட்டது. 2006இன் கோர் 2 எக்ஸ்ட்ரீம் எக்ஸ்6800 பூட்டின்றி 999 டொலருக்கு விற்கப்பட்டது.

2011 சனவரியில் இன்ரெல் வெளியிட்ட ‘சாண்டி பிரிட்ஜ்’ தலைமுறை இவ்வரலாற்றின் ஒரு கட்டத்தை முடித்துவைத்தது. 100 மெகாஹேர்ட்ஸ் அடிப்படைக் கடிகாரம் ஒன்றிலிருந்தே எல்லாப் பாட்டைகளின் துடிப்புகளும் பெறப்பட்டன. அதனை ஒரு சில வீதத்துக்கு மேல் உயர்த்தினால் வன்தட்டு இணைப்பு முதலிய யாவும் நிலைகுலைந்தன. சமன்பாட்டின் இரு உறுப்புகளும் இவ்வாறு ஏறத்தாழ அடைபட்டன. மிகைவேகத்தை நாடுவோர் பெயரிறுதியில் ‘கே’ எழுத்தைக் கொண்ட சில்லை வாங்குதல் வேண்டும். ஐ7 2600 சில்லின் விலை 294 டொலர். ஐ7 2600கே சில்லின் விலை 317 டொலர். முன்னர் பயனர் தம் அறிவினாற் பெற்றது இப்பொழுது 23 டொலர் விலைபெற்றது.

இதற்குச் சற்று முன்னர், 2010இல், பென்ரியம் ஜி6951 சில்லின் முடக்கப்பட்ட திறன்களை 50 டொலர் அட்டையொன்றின் மூலம் திறந்துவிடும் திட்டத்தை இன்ரெல் பரீட்சார்த்தமாகத் தொடங்கி, 2011இற் கைவிட்டது. வாங்கிய பொருளினுள் ஏற்கெனவே இருந்ததற்கு மீண்டும் விலை கேட்டமையால் அது பெருங் கண்டனத்துக்கு உள்ளாயிற்று. 2015இல் வந்த ‘ஸ்கைலேக்’ தலைமுறையில் அடிப்படைக் கடிகாரம் ஏனைய பாட்டைகளிலிருந்து பிரிக்கப்பட்டது. அவ்வாண்டின் இறுதியில் தாய்ப்பலகை உற்பத்தியாளர் சிலர் பூட்டிய சில்லுகளுக்கும் பழைய வழியைத் திறந்துவிட்டனர். 2016 பெப்ரவரியில் இன்ரெல் அவ்வழியை மென்பொருள் மாற்றத்தால் மீண்டும் மூடியது. இத்தடவை வாங்கியவர் மேசைமீது ஏற்கெனவே இருந்த பொருளின் எல்லையும் தொலைவிலிருந்து மாற்றப்படலாயிற்று என்பது குறிப்பிடத்தக்கது.

8. மதிப்பீடு

மேற்கூறியவற்றைக் கொண்டு பூட்டு யாவும் சூழ்ச்சி என முடிவுசெய்தல் வரலாற்று நோக்காகாது. இயற்கையின் எல்லை உண்மையானது. மிகைவேகத்தின் மிகப்பெரிய ஆபத்து கணினி நின்றுபோதல் அன்று. நில்லாது பிழையாகக் கணித்தலேயாகும். நின்ற கணினி தன் குறையைத் தானே அறிவிக்கின்றது. பிழையான விடையைச் சரியான விடைபோல் தரும் கணினியை ஆய்வுக்குப் பயன்படுத்துவோன் தன் முடிபுகள் அனைத்தையும் ஐயுறவேண்டிய நிலைக்கு ஆளாவான். மேலும், உயர் வோல்ற்றளவும் வெப்பமும் சில்லினுள்ளே உள்ள உலோகத் தடங்களை ஆண்டுக்கணக்கில் அரிக்கின்றன.

தொழில்நுட்பக் காரணத்தால் விதிக்கப்பட்ட பூட்டும் உண்டு. 2017இல் ரைசன் சில்லுகளைப் பூட்டின்றி வெளியிட்ட ஏ.எம்.டி. நிறுவனம், 2022இல் 5800எக்ஸ்3டி சில்லின் காரணியைப் பூட்டியது. மேலடுக்காகப் பொருத்தப்பட்ட பதுக்கு நினைவகம் உயர் வோல்ற்றளவைத் தாங்காமையே அதற்குக் காரணமாகும். அக்காரணம் வெளிப்படையாகக் கூறப்பட்டமையால், வாங்குவோர் அதனை அறிந்தே வாங்கினர். இதனையும் செலரோன் 300ஏ சில்லின் பூட்டையும் ஒரே தட்டில் வைத்தல் இயலாது.

எனவே எழவேண்டிய வினா ‘பூட்டு வேண்டுமா, வேண்டாவா?’ என்பதன்று, ‘எவ்வெல்லை எக்காரணத்தால் விதிக்கப்பட்டது என்பதை வாங்குபவன் அறிய முடிகின்றதா?’ என்பதேயாகும். பளிங்கை மாற்றியவனும், தொடுமுனையில் நாடா ஒட்டியவனும், பென்சிலாற் கோடிட்டவனும் இவ்வினாவுக்குச் சோதனை வாயிலாக விடை தேடியவர்களே. அவர்களுட் பலர் சில்லுகளைக் கருக்கினர், பலர் வென்றனர். இரு சாராரும் தாம் வாங்கிய பொருளைப் பற்றி வாங்கியபோது அறிந்ததினும் கூடுதலாக அறிந்தனர்.

அண்மைக்கால முறைவழியாக்கிகள் தம் வெப்பத்தையும் வலுவையும் தாமே அளந்து, இயன்ற உச்சவேகத்துக்குத் தாமே உயர்கின்றன. பயனர் தேடிக் கண்டெடுத்த இடைவெளியை இப்பொழுது சில்லே பயன்படுத்திக்கொள்கின்றது. ஆதலால் பழைய மிகைவேக இயக்கத்தின் தேவை பெரிதும் அருகிவிட்டது. அது கற்பித்த பாடமோ அருகவில்லை. ஒரு பொருளின்மீது பொறிக்கப்பட்ட எண்ணைக் காணும்போது, அது அளக்கப்பட்டதா, அஞ்சிக் குறைக்கப்பட்டதா, விற்பதற்காக விதிக்கப்பட்டதா என வினவுதல் வேண்டும். அவ்வினாவைக் கணினிச் சில்லோடு நிறுத்திக்கொள்ள வேண்டிய அவசியம் இல்லை.